பழைய லாரியின் ஸ்டியரிங் தண்டு: ஹாரன், இண்டிகேட்டர், ஒயரிங் சரிசெய்ய முழுமையான வழிகாட்டி

ஸ்டியரிங் நடுவில் இருக்கும் ஹாரன் பட்டனை அழுத்தினால் சத்தம் இல்லை. இண்டிகேட்டர் கைப்பிடி லொடலொடவென்று தொங்குகிறது. தண்டுக்குக் கீழே பத்துப் பதினைந்து ஒயர் கறுப்பு டேப் சுற்றிப் பிசுபிசுத்துக் கிடக்கிறது. பழைய பென்ஸ் ஆனாலும் லேலண்ட் காமெட், ஃபார்கோ, பெட்ஃபோர்ட் எதுவானாலும், நின்றுபோன வண்டியை வாங்கி ஓட வைக்க நினைப்பவர்கள் கதவைத் திறந்து எனக்குக் காட்டுவது இதைத்தான்.

புதிதாக இறங்குகிறவர்கள் ஆசையில் முதலில் புது ஒயரை இழுத்துவிடுகிறார்கள், தண்டைக் கடைசியில்தான் பிரிக்கிறார்கள், பிரித்தால் உள்ளே தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்து தண்டு ஆடுகிறது, அதைச் சரிசெய்ய இழுத்த ஒயரை மறுபடி வெட்ட வேண்டி வருகிறது. முதலில் குறிப்பு, அடுத்து இரும்பு, அடுத்து சுவிட்ச், அதற்கப்புறம்தான் ஒயர். இந்த வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்.

நான் கை வைத்தது எல்லாம் குமரி மாவட்டத்து வண்டிகள். குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கம் மீன் ஏற்றிய வண்டி என்றால் ஐஸ் தண்ணீரும் உப்புக்காற்றும் சேர்ந்து ஒயரின் உள்ளேயே போயிருக்கும். குலசேகரம், பேச்சிப்பாறை பக்கம் தடி, அதாவது மரம் ஏற்றிய வண்டி என்றால் சேறு. கீழே சொல்வதில் உப்பைப் பற்றி அடிக்கடி பேசுவது அதனால்தான்.

1. வேலைக்கு முன் தேவையானவை

நாலைந்து நாள் வண்டி பிரிந்தே கிடக்கும். நம் ஊரில் ஜூனில் தென்மேற்கு மழை, அக்டோபரில் வடகிழக்கு மழை, இரண்டும் உண்டு. ஆகவே கூரை இல்லாத இடம் என்றால் ஜனவரி முதல் மார்ச் வரை வைத்துக்கொள்ளுங்கள். ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் காற்று வீசும் மாதங்களில் பெயின்ட் அடிக்கவே வேண்டாம், மண் வந்து ஒட்டும்.

சாமான்: ஒரு மல்டிமீட்டர், பல்பு ஹோல்டரில் இரண்டு ஒயர் வைத்த டெஸ்ட் லேம்ப் (12 வோல்ட் வண்டிக்கு 12 வோல்ட் 21 வாட் பல்பு, 24 வோல்ட் வண்டிக்கு அதற்கான பல்பு), ஸ்டியரிங் புல்லர் (வளையத்தைத் தண்டிலிருந்து இழுத்துக் கழற்றும் கருவி), நல்ல திம்பிள் பிளையர் (ஒயர் முனையில் மாட்டும் உலோகத் திம்பிளை அழுத்துவது), ரப்பர் குரோமெட் (துளை விளிம்பில் ஒயர் உரசாமல் காக்கும் வளையம்), ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் (சூடு காட்டினால் சுருங்கி ஒயரைப் பிடிக்கும் உறை), நைஸ் உப்புத்தாள், வாசலின், ரெட் ஆக்சைடு, துணி டேப், எண்ணெய் பிடிக்க ஒரு தட்டு.

புல்லர் மட்டும் வாடகைக்காவது எடுங்கள். சுத்தியலால் சமாளிக்கலாம் என்று நினைத்தால் என்ன நடக்கும் என்று நாலாவது படியில் சொல்கிறேன்.

2. எத்தனை வோல்ட், எது எர்த்

பேட்டரிப் பெட்டியைத் திறந்து பாருங்கள். ஒரே 12 வோல்ட் பேட்டரியா, அல்லது இரண்டு 12 வோல்ட் பேட்டரியைத் தொடராகக் கட்டி 24 வோல்ட் ஆக்கியிருக்கிறதா? பல்பு, ரிலே (சின்னக் கரண்ட்டால் பெரிய கரண்ட்டைப் போட்டு அணைக்கும் சுவிட்ச்), ஃபிளாஷர் (இண்டிகேட்டரை மினுக்க வைப்பது) எல்லாம் இதைப் பொறுத்துத்தான் வாங்க வேண்டும், கடைக்குப் போன பிறகு யோசித்தால் தப்பாகும்.

இதைவிட முக்கியமானது எர்த். பேட்டரியின் எந்த முனை சேசிஸில் (வண்டியின் அடி இரும்புச் சட்டத்தில்) போல்ட் போட்டிருக்கிறதோ அதுதான் எர்த். பழைய பிரிட்டிஷ் முறை வண்டிகள் பலவற்றில் பாசிட்டிவ் முனையே எர்த்தாக இருக்கும். மைனஸை முதலில் கழற்று என்று பழகிய கை அங்கே கரண்ட் இருக்கும் முனையில் ஸ்பேனரை வைக்கும், ஸ்பேனர் பாடியில் பட்டால் பெரிய தீப்பொறி. ஆகவே மனதில் வைக்க வேண்டியது மைனஸா ப்ளஸா என்பதை அல்ல. எர்த் முனையை முதலில் கழற்ற வேண்டும், கடைசியில் பூட்ட வேண்டும் என்பதைத்தான்.

பாசிட்டிவ் எர்த் வண்டியை நெகட்டிவ் எர்த் ஆக்க வேண்டும் என்று சிலர் முதல் நாளே முடிவு செய்கிறார்கள். டைனமோ உள்ள வண்டியில் அதன் முனைமையையும் (எது ப்ளஸ், எது மைனஸ் என்பதையும்) மாற்றியாக வேண்டும், அம்மீட்டர் தலைகீழாகக் காட்டும். தண்டு வேலை முடியும் வரை இருப்பதை அப்படியே விடுங்கள்.

24 வோல்ட் வண்டியில் ரேடியோவுக்காக ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுத்திருந்தால் அதைக் கழற்றிவிடுங்கள். ஒரு பேட்டரி வற்றிக்கொண்டே போகும், மற்றது அளவுக்கு மேல் சார்ஜ் ஆகிக் கெடும்.

3. எதையும் கழற்றும் முன் படமும் குறியும்

பேட்டரி இருக்கும்போதே என்னென்ன வேலை செய்கிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். டிம் எரிகிறது, பிரைட் எரியவில்லை, இடது பின் இண்டிகேட்டர் மங்கல், ஹாரன் இல்லை, இப்படி. வேலை முடிந்தபின் ஒரு கோளாறு வந்தால் அது பழையதா நீங்கள் உண்டாக்கியதா என்பதற்கு இந்தத் தாள் ஒன்றுதான் சாட்சி.

அப்புறம் எர்த்தைக் கழற்றிவிட்டு, போனில் படம் எடுங்கள். ஒரு படம் போதாது. தூரத்திலிருந்து ஒன்று, கை நீளத்தில் ஒன்று, ஒவ்வொரு இணைப்புக்கும் அருகில் ஒன்று.

ஒவ்வொரு ஒயருக்கும் ஒரு எண் கொடுத்து, எங்கிருந்து வருகிறது எங்கே போகிறது என்று தாளில் வரையுங்கள். எண்ணை மாஸ்கிங் டேப்பில் பென்சிலால் எழுதிச் சுற்றுங்கள், பேனா மை நம் ஊர் வியர்வைக்கும் ஈரத்துக்கும் இரண்டாம் நாளே கரைந்துபோகும். வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால் வெட்டும் இடத்தின் இரு பக்கமும் ஒரே எண் ஒட்டிவிட்டு வெட்டுங்கள்.

தக்கலைப் பக்கம் ஒரு பட்டறையில் பார்த்தது. உதவிக்கு வந்த பையன் தண்டடியில் இருந்த ஒயர்க் கட்டை ஒரே வெட்டாக வெட்டிவிட்டான், எல்லாம் கறுப்பாகிப்போன ஒயர். “மக்களே, வெட்டுறதுக்கு முன்னாடி எண்ணிப் பாத்தியா?” என்று கேட்டார் மேஸ்திரி. “இல்ல ஆசானே, பழசுதானே” என்றான். அந்தப் பழைய ஒயர்கள் எங்கே போகின்றன என்று மீட்டர் வைத்துத் தேட இரண்டு நாள் ஆனது. பழைய ஒயர் குப்பைதான், ஆனால் அது போகும் பாதை வண்டியின் வரைபடம்.

4. ஹாரன் பட்டனும் ஸ்டியரிங் வளையமும்

பட்டன் மூன்று விதத்தில் ஒன்றாக இருக்கும். அழுத்தித் திருப்பினால் வருவது, வளையத்தின் பின்பக்கம் சின்ன ஸ்க்ரூ போட்டது, விளிம்பில் நெம்பினால் வருவது. முதலில் பின்பக்கம் விரல் விட்டு ஸ்க்ரூ இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள், இருக்கும்போதே நெம்பினால் பட்டன் உடையும், அந்தப் பட்டன் கடையில் கிடைக்காது. அதன் அடியில் ஒரு ஸ்பிரிங், ஒரு பித்தளைத் தகடு, ஒரு இன்சுலேட்டர் வளையம் இருக்கும், எந்த வரிசையில் வந்ததோ அதே வரிசையில் ஒரு கம்பியில் கோர்த்து வையுங்கள்.

வளையத்தைக் கழற்றுவதற்கு முன்பு வண்டியின் சக்கரத்தை நேராக வைக்க வேண்டும். எப்படி நேர் என்று கண்டுபிடிப்பது? ஜாக்கி போட்டு முன் சக்கரத்தைத் தூக்கி, கீழே கட்டை கொடுத்து, ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பி அங்கிருந்து மறுபக்கம் முழுக்க எத்தனை சுற்று என்று எண்ணி, அதில் பாதி திரும்பி வாருங்கள். அந்த இடத்தில் தண்டின் தலையிலும் வளையத்தின் குடத்திலும் (தண்டில் உட்காரும் நடுப்பகுதியிலும்) ஒரே கோடாக ஒரு சென்டர் பஞ்ச் அடையாளம். இண்டிகேட்டர் தானாகத் திரும்பி வரும் வகை என்றால் அதற்கான முனை இந்த நேர் நிலையை வைத்துத்தான் அமைந்திருக்கும். வளையத்தை ஒரு பல் தள்ளி மாட்டினால் ஒரு பக்கம் சீக்கிரம் அணையும், மறுபக்கம் அணையவே அணையாது.

நட்டைத் தளர்த்துங்கள், முழுக்கக் கழற்றாதீர்கள், நாலு மரை பிடித்திருக்கட்டும். புல்லரை இறுக்கும்போது வளையம் சட்டென்று விடுபட்டு முகத்துக்கு வரும், அந்த நட்டுதான் தடுக்கும். பிடித்துக்கொண்டு வரவில்லை என்றால் துருநீக்கி எண்ணெய் விட்டு ஓர் இரவு விடுங்கள். மறுநாள் புல்லரை இறுக்கிய நிலையிலேயே வைத்துக் குடத்தின் பக்கவாட்டில் லேசாகத் தட்டினால் போதும்.

தண்டின் தலையில் சுத்தியலால் அடிக்கவே கூடாது. அந்த அடி நேராகக் கீழே ஸ்டியரிங் பெட்டியின் பேரிங்கில் போய் இறங்கும். மரையும் காளான் போல விரியும், அப்புறம் நட்டு ஏறாது. தீயும் காட்டாதீர்கள், பழைய வளையங்களின் கறுப்புப் பூச்சு வெடித்துவிடும். ஏற்கெனவே வெடிப்பு இருந்தால் அதை அறுத்து அகலப்படுத்தி அரால்டைட் போன்ற எபாக்சி நிரப்பி, காய்ந்தபின் தேய்த்துப் பெயின்ட் அடிக்கலாம், அது ஓய்வாகச் செய்யும் வேலை.

5. நடுவில் ஓடும் மெல்லிய குழல்

பிரிட்டிஷ் முறையில் செய்த பல வண்டிகளில் தண்டுக்குள்ளே இன்னொரு மெல்லிய குழல் ஸ்டியரிங் பெட்டியின் அடி வரை போகும். ஒயர்கள் அதற்குள் போய்ப் பெட்டியின் கீழே வெளியே வரும். வளையம் சுற்றும்போது இந்தக் குழல் சுற்றாது. பெட்டியின் அடியில் ஒரு நட்டும் அதற்குள் ஒரு பித்தளை வளையமும் குழலைப் பிடித்திருக்கும்.

அந்த நட்டைத் தளர்த்தினால் பெட்டியில் உள்ள எண்ணெய் வழியும். தட்டை வைத்துவிட்டுத் தளர்த்துங்கள். திரும்பப் பூட்டும்போது பழைய பித்தளை வளையத்தையே போட்டு ஓங்கி இறுக்குகிறார்கள், அது நசுங்கிக் கசியும், எண்ணெய் இல்லாமல் பெட்டி தேயும். புது வளையம் போட்டு, அந்த வண்டிக்கு உரிய கியர் ஆயிலை மறுபடி அளவு வரை நிரப்புங்கள். ஒயரிங் செய்கிறவர் எண்ணெயை மறப்பதும், எண்ணெய் பார்க்கிறவர் ஒயரை மறப்பதும் அடிக்கடி நடக்கிறது.

பழைய ஒயரை வெளியே இழுக்கும் முன் அதன் ஒரு முனையில் மெல்லிய நைலான் நூல் கட்டுங்கள். ஒயர் வெளியே வர நூல் உள்ளே போகும், பிறகு அதே நூலால் புது ஒயரை இழுக்கலாம். புது ஒயர் தடிமனாக இருந்தால் குழலுக்குள் போகாது, ஆகவே கடைக்குப் போகும்போது குழலின் உள்விட்டத்தை அளந்து கொண்டு போங்கள்.

உங்கள் வண்டியில் குழல் இல்லாமல் சுவிட்ச் தண்டின் பக்கவாட்டில் கிளாம்ப் போட்டு இருந்தால் இந்தப் படியைத் தாண்டிப் போகலாம். அந்த வகையில் ஹாரன் ஒயருக்கு மட்டும் வளையத்தின் அடியில் ஒரு பித்தளை வளையமும் அதன்மேல் உரசும் கார்பனோ தகடோ இருக்கும். அந்த வளையத்தில் பள்ளம் விழுந்திருந்தால் உப்புத்தாள் போட்டுப் பயனில்லை, லேத்தில் கொடுத்துச் சமன்படுத்த வேண்டும்.

6. இரும்பு வேலை முதலில்

வளையம் கழன்ற பிறகு தண்டின் தலையைப் பிடித்து மேலும் கீழும் பக்கவாட்டிலும் ஆட்டுங்கள். ஆடினால் மேல் புஷ் தேய்ந்திருக்கிறது. ஆடும் தண்டு ஒயரின் தோலை உரசித் தின்னும், அதனால்தான் ஒரு நாள் வண்டி திரும்பும்போது மட்டும் ஹாரன் தானாக அடிக்கும். இந்த ஆட்டத்தை வைத்துக்கொண்டு புது ஒயர் போட்டால் ஒரு வருஷத்தில் மறுபடி அதே கோளாறு.

புஷ் கிடைக்கவில்லை என்றால் லேத் பட்டறையில் நைலானில் கடைந்து தருவார்கள். பழைய புஷ்ஷை மட்டும் கொடுக்காதீர்கள், அது தேய்ந்தது. தண்டையும் வெளிக்குழாயையும் வெர்னியரில் அளந்து அந்த அளவுக்குக் கடையச் சொல்லுங்கள்.

வெளிக்குழாயின் துருவைக் கம்பி பிரஷ்ஷால் எடுத்து, ரெட் ஆக்சைடு இரண்டு கை, அதன் மேல் பெயின்ட். எர்த் ஒயர் உட்காரும் ஒரு ரூபாய் நாணய அளவு இடத்தில் மட்டும் டேப் ஒட்டிப் பெயின்ட் படாமல் காப்பாற்றுங்கள். அழகாகப் பெயின்ட் அடித்து எல்லாவற்றையும் பூட்டிய பிறகு ஹாரன் அடிக்காமல் போகும் வண்டிகளில் பாதிக்கு இதுதான் காரணம் என்பது என் அனுபவம்.

குழாயில் ஒயர் நுழையும் துளையின் விளிம்பை அரத்தால் மழுக்கி ரப்பர் குரோமெட் போடுங்கள். பழைய குரோமெட் கல் மாதிரி இறுகியிருந்தால் அது இல்லாததற்குச் சமம்.

7. சுவிட்சைத் திறந்து சுத்தம் செய்வது

சுவிட்சைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிது வாங்கலாம் என்றுதான் எல்லாருக்கும் தோன்றும். பழைய சுவிட்சின் பித்தளை தடிமன், பேக்கலைட் (அந்தக் காலத்துக் கெட்டிப் பிளாஸ்டிக்) உறுதி. உடைந்திருந்தால் தவிர அதையே காப்பாற்றுங்கள்.

பெரிய துணி ஒன்றைப் பரப்பி அதன்மேல் வைத்துத் திறங்கள், உள்ளே சின்ன உருண்டையும் ஸ்பிரிங்கும் இருக்கும், துள்ளினால் கண்டுபிடிக்க முடியாது. பித்தளையில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். நம் வீட்டில் குத்துவிளக்கு விளக்குகிற அதே புளி போதும். பித்தளைத் துண்டுகளைத் தனியாகக் கழற்றிப் புளியில் தேய்த்து, சமையல் சோடா கலந்த தண்ணீரில் முக்கி, நல்ல தண்ணீரில் இரண்டு முறை கழுவி, முழுக்கக் காய விடுங்கள். கழுவுவதில் சோம்பல் பட்டால் மிச்சமிருக்கும் புளிப்பு அடுத்த மாதமே களிம்பைத் திரும்பக் கொண்டுவரும். பேக்கலைட் துண்டைப் புளியில் போடாதீர்கள், அதற்குப் பழைய பல் பிரஷ்ஷும் கான்டாக்ட் கிளீனரும் போதும்.

தொடும் முனை கறுகியிருந்தால் நைஸ் உப்புத்தாளில் இரண்டு இழுப்பு. முரட்டுத் தாள் போட்டால் கீறல் விழும், கீறலில் மறுபடி தீப்பொறி வரும். பூட்டும்போது வாசலின் மெல்லிய பூச்சு. கிரீஸை அப்பினால் தூசி சேரும்.

கிளாம்ப் வகையில் புதிய சுவிட்ச் வாங்கத்தான் வேண்டும் என்றால் வெளிக்குழாயின் விட்டத்தை அளந்து கொண்டு டிராக்டர் உதிரிபாகக் கடைக்கும் போய்ப் பாருங்கள். நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் இத்தகைய கடைகளில் அலைந்து பொருத்தமானது எடுத்திருக்கிறேன்.

பல பழைய லாரியில் டிம் பிரைட் சுவிட்ச் தண்டில் இருக்காது, கிளட்ச் பெடல் பக்கம் தரையில் காலால் மிதிக்கிற வகை. சேறும் தண்ணீரும் நேராக அதில்தான் விழும். தண்டு வேலையோடு அதையும் கழற்றிப் பார்த்துவிடுங்கள்.

8. ஒயர்: நிறம், தடிமன், முனை

இங்கே ஒரு பொறி இருக்கிறது, இதில் விழாதவர் குறைவு. பிரிட்டிஷ் முறை ஒயரிங்கில் பழுப்பு ஒயர் பேட்டரியிலிருந்து ஃபியூஸ் இல்லாமல் நேராக வருவது, அதில் எப்போதும் கரண்ட் இருக்கும். ஜெர்மன் முறையில் பழுப்புதான் எர்த். கறுப்பு இதற்கு நேர்மாறு: பிரிட்டிஷ் முறையில் எர்த், ஜெர்மன் முறையில் சாவி போட்டால் கரண்ட் வருவது. லேலண்டில் கற்றதை பென்ஸில் அப்படியே செய்தால் புகை வரும்.

பிரிட்டிஷ் முறையில் இடது இண்டிகேட்டர் பச்சையில் சிவப்புக் கோடு, வலது பச்சையில் வெள்ளைக் கோடு, ஹெட்லைட் நீலம், பார்க் லைட் சிவப்பு. ஜெர்மன் முறையில் இடது கறுப்பில் வெள்ளை, வலது கறுப்பில் பச்சை, பார்க் லைட் சாம்பல் சார்ந்தது, பிரைட் வெள்ளை, டிம் மஞ்சள். ஆனால் இத்தனை வருஷத்தில் எத்தனை கை பட்டிருக்கும்? நிறத்தைப் பார்த்து ஊகியுங்கள், மீட்டர் வைத்து முடிவு செய்யுங்கள்.

தடிமன் கணக்கு எளிது. வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர். 12 வோல்ட்டில் 21 வாட் இண்டிகேட்டர் பல்பு முன்னும் பின்னுமாக இரண்டு என்றால் 42 வாட், அதாவது மூன்றரை ஆம்பியர். 60 வாட் ஹெட்லைட் இரண்டு என்றால் 10 ஆம்பியர். இண்டிகேட்டர், பார்க் லைட்டுக்கு 1.5 சதுர மில்லிமீட்டர், ஹெட்லைட்டுக்கும் ஹாரனுக்கும் 2.5, பேட்டரியிலிருந்து வரும் மெயின் ஃபீடு 6, இப்படி நான் போடுகிறேன். வீட்டு ஒயர் வேண்டாம், எண்ணெயிலும் இஞ்சின் சூட்டிலும் அதன் தோல் இறுகி வெடிக்கும். ஆட்டோ ஒயர் என்றே கேட்டு வாங்குங்கள்.

பழைய ஒயரில் சிலதைக் காப்பாற்ற நினைத்தால் முனையைச் சீவிப் பாருங்கள். செம்பு கறுத்திருந்தால் உப்பு உள்ளே போயிருக்கிறது. பளபளக்கும் செம்பு வரும் வரை வெட்டிக்கொண்டே போங்கள். கடற்கரை வண்டிகளில் ஒரு சாண் வெட்டியும் கறுப்பாகவே இருந்தது உண்டு, அப்போது அந்த ஒயரை முழுக்க மாற்றுங்கள், ஏனென்றால் கறுத்த செம்பில் திம்பிளும் பிடிக்காது, ஈயமும் ஒட்டாது.

முனைக்குத் திம்பிளை அழுத்திப் போடுவதே நல்லது. ஈயம் வைத்தால் அது ஒயருக்குள் ஊறி அந்த இடத்தைக் கம்பி மாதிரி விறைப்பாக்கும், லாரி அதிர்வில் விறைப்பு முடியும் இடத்தில் ஒடியும். பட்டனுக்குப் போகும் ஒயரின் நடுவில் இணைப்பே கூடாது, முழு ஒயராக இருக்கட்டும்.

புது ஒயர்க் கட்டை வண்டிக்குள் வைத்துக் கட்டாதீர்கள். ஒரு பலகையில் ஆணி அடித்து, பழைய கட்டின் வடிவத்தைப் பரப்பி, கிளை பிரியும் இடங்களைக் குறித்து, அதன்மேல் புது ஒயரை ஓட்டி, துணி டேப் சுற்றுங்கள். கறுப்பு இன்சுலேஷன் டேப் நம் வெயிலுக்கு உருகிப் பசையாக வழியும். ஒவ்வொரு கிளைக்கும் ஒரு கை அகலம் நீளம் கூடுதலாக விடுங்கள், அடுத்த முறை முனை மாற்ற இடம் வேண்டும்.

9. எர்த்துக்குத் தனி ஒயர்

நம் நாட்டில் பழைய லாரிகள் பெரும்பாலும் முன்முகப்போடு சேசிஸாக வந்து, கேபினும் பின்பாடியும் உள்ளூரில் மரத்தில் கட்டியவை. மரத்தில் ஸ்க்ரூ போட்ட டெயில் லைட்டுக்கு எர்த் எங்கிருந்து வரும்? இதை யோசிக்காமல் பல்பையும் சுவிட்சையும் மாற்றிக்கொண்டே இருப்பார்கள்.

ஒவ்வொரு விளக்குக்கும் ஓர் எர்த் ஒயர் இழுத்து சேசிஸில் ஒரு போல்ட்டில் சேர்த்துவிடுங்கள். போல்ட்டின் அடியில் பளபளக்கும் இரும்பு வரத் தேய்த்து, பல் வாஷர் போட்டு, இறுக்கிய பின் மேலே வாசலின். தேய்ப்பதற்கு முன்னால் வாசலின் தடவாதீர்கள். ஸ்டியரிங் வெளிக்குழாயிலிருந்தும் சேசிஸுக்கு ஓர் ஒயர் போடுங்கள், ஹாரன் பட்டனுக்கு எர்த் கிடைப்பது அந்தத் தண்டு வழியாகத்தான்.

இடது இண்டிகேட்டர் போட்டால் வேறு விளக்குகள் மங்கலாக மினுக்குகின்றனவா? எர்த் இல்லாத கரண்ட் அடுத்த பல்பு வழியாக வழி தேடுகிறது. சுவிட்சைத் தொடாதீர்கள், எர்த்தைப் பாருங்கள்.

10. ரிலேயும் ஃபியூஸும்

ஹாரனுக்கு எப்போதும் ஒரு பக்கம் கரண்ட் இருக்கும், பட்டன் மறுபக்கத்தை எர்த் செய்யும், அதுதான் பெரும்பாலான வண்டிகளின் அமைப்பு. ரிலே இல்லாவிட்டால் ஹாரனின் முழுக் கரண்ட்டும் அந்தச் சின்னப் பித்தளைத் தகட்டின் வழியாகப் போய் அதைக் கருக்கிவிடும். ஒரு ரிலே போடுங்கள்: 30 என்ற முனைக்கு ஃபியூஸ் வழியாகப் பேட்டரி, 87க்கு ஹாரன், 86க்குக் கரண்ட், 85க்குத் தண்டிலிருந்து வரும் பட்டன் ஒயர். இந்த அமைப்பில் ஹாரனின் மறுமுனை சேசிஸில் எர்த் ஆக வேண்டும். ஹெட்லைட் டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று என்றும் போட்டால் பழைய சுவிட்ச் இன்னும் பல வருஷம் வாழும், வெளிச்சமும் கூடும். பல்புக்குப் போகும் வோல்ட் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் குறையும்.

ஃபியூஸ் காப்பாற்றுவது ஒயரை. ஆகவே ஒயர் தாங்குவதற்கும் குறைவான ஃபியூஸ் போடுங்கள், 1.5 ஒயருக்கு 10 ஆம்பியர், 2.5க்கு 15. பழைய லூகாஸ் கண்ணாடி ஃபியூஸில் 35 என்று இருந்தால் அது எரிந்துபோகும் அளவு, தொடர்ந்து தாங்குவது அதில் பாதிதான். அதைப் பார்த்து இன்றைய 35 ஆம்பியர் பிளேடு ஃபியூஸ் போட்டால் முதலில் எரிவது ஒயர்.

ஃபிளாஷர் பழைய சூடாகும் வகை என்றால் அது பல்பின் வாட்டை நம்பி மினுக்குவது. எல்ஈடி பல்பு போட்டுவிட்டு மினுக்கவில்லை என்று தண்டைப் பிரிக்காதீர்கள், எல்ஈடிக்கான எலக்ட்ரானிக் ஃபிளாஷர் வாங்குங்கள்.

11. முதல் முறை கரண்ட் கொடுப்பது

பேட்டரியை நேராகப் பூட்டாதீர்கள். எர்த் முனைக்கும் எர்த் கேபிளுக்கும் நடுவில் டெஸ்ட் லேம்ப்பை வைத்துப் பூட்டுங்கள். எல்லா சுவிட்சும் அணைந்திருக்கும்போது அந்தப் பல்பு எரியக்கூடாது. பளிச்சென்று எரிந்தால் எங்கோ ஷார்ட், ஆனால் பல்பு கரண்ட்டைக் கட்டுப்படுத்துவதால் ஒயர் எரியாது, நிதானமாகத் தேடலாம். ஒவ்வொரு ஃபியூஸாக எடுங்கள், எதை எடுக்கும்போது பல்பு அணைகிறதோ அந்தப் பாதையில் கோளாறு.

பல்பு எரியவில்லை என்றால் நேராகப் பூட்டி ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். ஹாரன் வரவில்லையா? பட்டன் ஒயரைத் தண்டின் அடியில் கழற்றிப் பாடியில் தொடுங்கள். அடித்தால் கோளாறு தண்டுக்குள் அல்லது பட்டனில், அடிக்காவிட்டால் ரிலேயில் அல்லது ஹாரனில். பாதி வேலை அப்போதே முடிந்துவிடும்.

கடைசியாக ஹெட்லைட்டைப் போட்டு, பேட்டரியின் கரண்ட் முனைக்கும் ஹெட்லைட்டின் கரண்ட் முனைக்கும் நடுவில் மீட்டரை வையுங்கள். 12 வோல்ட் வண்டியில் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் ஏதோ ஓர் இணைப்பு சரியாக இறுகவில்லை. கையால் தொட்டுப் பாருங்கள், சூடாக இருப்பது அதுதான்.

12. பூட்டுவதும் ஓட்டிப் பார்ப்பதும்

வளையத்தை அடையாளக் கோடு பார்த்து மாட்டி, நட்டை முழுக்க இறுக்கி, அதன் லாக் வாஷர் அல்லது ஸ்ப்ளிட் பின் எதுவோ அதைப் புதிதாகப் போடுங்கள். இந்த ஒரு நட்டை வேறொரு ஆளும் தனியாகச் சரிபார்க்கட்டும். விளக்கு எரியாவிட்டால் வண்டியை ஓரம் கட்டலாம், வளையம் கையோடு வந்துவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது.

சாலைக்கு எடுக்கும் முன் முற்றத்தில் இஞ்சினைப் போட்டு இரு பக்கமும் முழுக்கத் திருப்புங்கள். எங்காவது ஹாரன் தானாக அடித்தாலோ, ஒயர் இழுபட்டாலோ, தண்டு உரசும் சத்தம் கேட்டாலோ அப்போதே பிரித்துப் பாருங்கள். ஸ்டியரிங் பெட்டியின் அடியில் ஓர் அட்டையைப் போட்டு இரவு விட்டால் எண்ணெய் கசிவு தெரியும். பின்பு இருட்டியதும் ஒரு சுவர் முன்னால் நிறுத்தி டிம், பிரைட் எங்கே விழுகிறது என்று பார்த்து ஹெட்லைட்டைச் சரிசெய்யுங்கள்.

வரைந்த தாளை, திருத்தங்களோடு சுத்தமாக மறுபடி எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டு டேஷ்போர்டுக்குள் வையுங்கள்.

முதல் நல்ல மழை பெய்த மறுநாள் காலையில் தண்டடியைக் கையால் தடவிப் பாருங்கள். ஒயர் வழியாகத் தண்ணீர் இறங்கிச் சுவிட்சுக்குப் போயிருந்தால், அந்த ஒயரைச் சுவிட்சுக்கு முன்னால் ஊஞ்சல் போலக் கொஞ்சம் கீழே தொங்கவிட்டுக் கட்டுங்கள், தண்ணீர் அந்தத் தாழ்ந்த இடத்திலேயே சொட்டிவிடும்.